மதினி அடித்த மான்

கல்யாணமாகி வந்தபோது என்னோடு வந்த சாமான்களில் அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் போனது என் வில்தான். கட்டிலும் பீரோவும் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மாமியார் சொன்னார். வில் இருந்த நீளமான கறுப்புப் பெட்டியை மட்டும் காலால் ஓரமாகத் தள்ளினார். “இதுல என்னத்த வச்சிருக்க? கித்தாரா?” என்றார். திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சர்ச்சுக்காரங்க வந்தா வெளிய தெரியாம வையி” என்றார்.

நான் அப்போது ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி டீச்சர். கல்லூரியில் படிக்கும்போது வில் பழகி, பல்கலைக்கழக அணிக்காக வெளியூர் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் வேலைக்குப் போனதும் முதலில் வாங்கியது அந்த வில்லைத்தான். போட்டிக்குப் போகிற இடத்தில் மாறிவிடக் கூடாது என்று பெட்டி மூடியில் என் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தேன்.

எங்கள் வீடு விளாங்குடியில். என் வீட்டுக்காரர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். மாமனார் ரிட்டயரான வாத்தியார். கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டி, கடலை போட்டுக்கொண்டு மாமியாரோடு அங்கேதான் பாதி நாள் இருப்பார். என் கொழுந்தன் இன்ஜினியரிங் முடித்திருந்தான். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவுக்காகக் காத்திருந்தான். என்னைவிட ஒரு வயதோ என்னவோ சின்னவன். அந்த வீட்டில் என் வில்லைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்தது.

“மதினி, சொல்லிக் குடுங்க” என்று அவனாகத்தான் வந்து கேட்டான்.

சனி ஞாயிறுகளில் நாங்கள் கொட்டாம்பட்டி நிலத்துக்குப் போவோம். வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அட்டையில் வட்டம் வரைந்து குத்தி வைப்பேன். எப்படி நிற்பது, தோளை எப்படித் தளர்த்துவது, நாணை இழுத்துத் தாடைக்குக் கீழே எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் அவசரக்காரன். இழுத்ததும் விட்டுவிடுவான். அம்பு எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்குவான். “அம்பு போயி சேருற வரைக்கும் அப்பிடியே நில்லுங்க தம்பி” என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

வட்டத்தில் குத்துவது அவனுக்குச் சீக்கிரமே சலித்துப்போனது. வெளிநாட்டுக்காரர்கள் வில்லால் மான் அடிக்கிற வீடியோக்களைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டுவான். அந்த வருஷம் கோடை கடுமை. மலையில் தண்ணீர் இல்லாமல் புள்ளிமான்கள் கீழே இறங்கி, மோட்டார் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுக் கடலைக் கொடியையும் மேய்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. மாமனார் தினமும் காலையில் வயலைப் பார்த்துத் திட்டுவார். “ஒண்ண சாய்ச்சா மத்தது வராதுப்பா” என்று கொழுந்தன் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “யாருக்கும் தெரியாமப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னார்.

இணையத்தில் மூன்று பிளேடு வைத்த அம்புமுனைகளை வரவழைத்தான். நான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நகத்தை வைத்தால் சீவியது.

“இந்த வில்லுக்கு அம்புட்டு இழுவை இல்ல தம்பி. அட்டையில குத்தத்தான் ஆகும்.”

“கிட்டக்க வரட்டும் மதினி. கிட்டக்க வச்சு அடிச்சா எந்த வில்லுனாலும் போகும்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். “கூடப் போயி பாத்துக்கம்மா. எவன் கால்லயாவது குத்திட்டு நிக்கப் போறான்” என்றார்.

போனேன். போகப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். வட்டத்துக்கு அப்பால் உயிருள்ள ஒன்றின் முன்னால் என் வில் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டிருந்தது. விடிந்து வெளிச்சம் வந்ததும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மான்கள் வரப்பில் வரிசையாக வந்தன. முன்னால் வந்தது கொம்பு இன்னும் முழுதாக வளராத ஒரு கடா. தொட்டியில் வாய் வைத்துக் குடித்துவிட்டுத் திரும்பி நின்றது. கொழுந்தன் எழுந்தான். முழங்கை நடுங்குவதைப் பார்த்தேன். “இருங்க” என்று வாயசைத்தேன். அவன் விட்டுவிட்டான். விட்டதும் தலையைத் தூக்கினான்.

அம்பு வயிற்றில் பட்டது. நனைந்த சாக்கில் கம்பால் அடித்தது போல ஒரு சத்தம். மற்ற மான்கள் பாய்ந்து ஓடின. இது ஓடவில்லை. முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தது. வயிற்றில் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அம்பு ஒவ்வொரு அடிக்கும் ஆடியது.

“பட்டுருச்சு மதினி! பட்டுருச்சு!” என்று கத்திக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினான். அவன் ஓட, அது பயந்து விழுந்தடித்துக் கருவேலங்காட்டுக்குள் போனது. முள்ளில் அம்பு மாட்டி இழுத்து முறிந்தது. கூடவே குடலும் கொஞ்சம் வந்தது. புழுதியில் ரத்தத்தைவிடச் சாணிப் பச்சைதான் அதிகம் கிடந்தது. அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போனோம்.

அது ஒரு புதருக்கடியில் படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்தது. எழுந்திருக்க முயன்று, முன்னங்கால்கள் மட்டும் எழுந்து, திரும்பவும் விழுந்தது. கொழுந்தன் இரண்டடி பின்னால் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

“இன்னொண்ணு அடிங்க தம்பி. அது வேதனைப்படுது.”

“என்னால முடியாது மதினி. நீங்க அடிங்க. ப்ளீஸ், நீங்க அடிங்க.”

வில்லை என் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து அடித்தேன். என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என் மேலேயே ஒரு மாதிரியாக இருக்கிறது. அம்பு உள்ளே போயிற்று. ஆனால் அது உடனே சாகவில்லை. பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. கன்றுக்குட்டி போல ஒருமுறை கத்தியது. வாயில் நுரையும் ரத்தமுமாக வந்த பிறகுதான் அடங்கியது. கடைசி வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திரும்பவே இல்லை.

அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். மாமனார் கேட்கவில்லை. மொபெட்டில் போய்ச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். வீட்டுக்குப் பின்னால் கூறு போட்டுக்கொண்டிருந்தபோதே வனத்துறை ஜீப் வந்துவிட்டது. ஆடு மேய்க்கிற யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மாமியார் உள்ளே மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வாசல் வரை வந்தது. ரேஞ்சர் மோப்பம் பிடித்துச் சிரித்தார்.

“வில்லு யாருது?” என்று கேட்டார். பெட்டி மூடி திறந்து கிடந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரர் “ஒரு நிமிஷம் சார்” என்று என்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. கல்யாணமாகி அதுவரை அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதில்லை.

“இந்தா பாரு. தம்பிக்கு விசா வாரப்போகுது. ஒரு கேஸுன்னா எல்லாம் போச்சு. அப்பாவுக்கு சுகரு. உள்ள போட்டா ஒரு வாரம் தாங்கமாட்டாரு. நீ அடிச்சேன்னு சொல்லிரு.”

“நான் வேதனையில கெடந்தத முடிச்சு வச்சேங்க. அடிச்சது உங்க தம்பி.”

“ரெண்டாவது அம்புலதான செத்துச்சு? அது நீ விட்டதுதான? பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலையே. பொம்பளைய உள்ளல்லாம் போடமாட்டாங்க. எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்க.”

கரண்டியால் வறுத்துக்கொண்டே இருந்த மாமியார் அடுப்பைப் பார்த்தபடி, “கர்த்தர் உனக்கு ரெண்டத்தனையாத் தருவாரு” என்றார்.

கொழுந்தன் அடுக்களை வாசலில் முகம் வெளுத்து நின்றிருந்தான். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் நினைத்தேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்தான் அடித்தேன், நான்தான் தூக்கி வந்தேன், நான்தான் அறுத்தேன் என்று சொன்னேன். ரேஞ்சர் நம்பவில்லை. மாமனாரின் கையில் முழங்கை வரை ரத்தம் இருந்தது. ஆனால் கேஸ் போட ரேஞ்சருக்கும் ஒரு ஆள் போதுமாயிருந்தது. ஜீப்பில் ஏறும்போது மாமியார் பின்னாலேயே வந்து, “தலைய முடிஞ்சுட்டுப் போ. நாலு பேரு பாப்பாங்க” என்றார்.

பொம்பளையை உள்ளே போட்டார்கள். ஜெயிலில் எல்லோரும் முதலில் கேட்பது, என்ன கேஸ் என்றுதான். மான் என்றேன். புருஷனை வெட்டியவளும் கஞ்சா விற்றவளும் சேர்ந்து சிரித்தார்கள். அதன்பின் எனக்கு அங்கே பெயரே மான் என்றாகிவிட்டது. ‘ஏ மானு, தண்ணி பிடிச்சு வையி.’ ‘ஏ மானு, காலப் பிடிச்சு விடு.’ ராத்திரிகளில் ஒருத்தி வேண்டுமென்றே மான் போலக் கத்திக் காட்டுவாள். அது அப்படிக் கத்தாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மனுப் போட்டு என்னைப் பார்க்க ஒருமுறை வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் மலர்ந்திருந்தது. ஜாமீன் கிடைத்துவிட்டது போல என்று நினைத்தேன்.

“தம்பிக்கு விசா அடிச்சிருச்சு. நேத்து கேக் வெட்டுனோம். அம்மா உன்ன நெனச்சு அழுதிருச்சு” என்றார்.

ஜாமீனில் வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்காக ஜெபம் பண்ணி, அதன்பின் வேலையிலிருந்து நீக்கிய உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, அபராதத்தோடு முடிந்தது. வில் திரும்பி வரவே இல்லை. எந்தப் பள்ளிக்கூடமும் என்னை எடுக்கவில்லை. இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். கொழுந்தன் போன புதிதில் போனில் அழுவான். “உங்கள மறக்கமாட்டேன் மதினி” என்பான். பிறகு பண்டிகைகளுக்கு மட்டும் பேசினான். பிறகு மாமியாரின் போன் வழியாக என்னை விசாரித்தான்.

அமெரிக்காவில் அவன் வில்லால் மான் அடித்து, அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை மாமியார்தான் எனக்குக் காட்டினார். மாமனார் இறந்த பிறகு அவர் எங்களோடு விளாங்குடியில்தான் இருக்கிறார். “பாத்தியா, எம் பிள்ளைய! ராசா மாதிரி நிக்கிறான்” என்றார். அந்தப் படத்தைச் சர்ச் பெண்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவனும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் சென்னைப் பெண். இருவரும் அமெரிக்காவில் வேலையிலிருந்தபோது பழகிக் கட்டிக்கொண்டவர்கள். என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டுக்கறி பிரியாணி நான் செய்திருந்தேன். அவன் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தான். பட்டை பட்டையாக, கறுப்பாக, காய்ந்த கறி.

“நானே அடிச்ச மானு மதினி. சாப்பிட்டுப் பாருங்க” என்றான்.

என் வீட்டுக்காரர் எடுத்துக் கடித்து, “சூப்பர்டா” என்றார். மாமியாருக்குப் பல் இல்லை. ஒரு துண்டை வாயில் அதக்கிக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போனில் வீடியோ காட்டினான். கப்பி வைத்த வில். மரத்தில் கட்டிய இருக்கை. பழகுவதற்கு ரப்பரில் செய்த மான். அதன் விலாவில் எங்கே அடிக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. அங்கே வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். இத்தனை மான்தான் என்று கணக்கு உண்டாம்.

“முதல் பாடமே என்ன தெரியுமா மதினி? மிருகத்த வேதனப்படுத்தக் கூடாது. நுரையீரல்ல அடிக்கணும். இல்லன்னா விடவே கூடாது. நம்ம ஊர்ல இதெல்லாம் சொல்லித் தர ஆளு இல்ல. மதினிதான் எனக்கு முதல் குரு. ஆனா அட்டையில குத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அவன் மனைவி ரொம்ப அன்பாக என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க மான் அடிச்சு ஜெயிலுக்குப் போனீங்கன்னு இவர் சொல்லியிருக்கார். இவர் எவ்ளோ தடுத்தும் கேக்கலையாமே? அந்த மான் பட்ட பாட்டப் பாத்துதான், ஒழுங்கா கத்துக்கணும்னு இவருக்குத் தோணுச்சாம். ஜெயில்ல சாப்பாடெல்லாம் எப்படி இருக்கும்?”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“தம்பி, வயித்துல அடிச்சா என்ன செய்யணும்னு அந்த வகுப்புல சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டேன்.

“மதினி…”

“பின்னாலயே கத்திக்கிட்டு ஓடணும்னு சொன்னாங்களா? முள்ளுல மாட்டிக் கொடலு வெளிய வந்தா வாந்தி எடுத்துட்டு, மதினி கையில வில்லக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கணும்னு சொன்னாங்களா?”

“பழசெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் நிறுத்தவில்லை. அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றே நிதானமாகச் சொன்னேன். சாணிப் பச்சையைச் சொன்னேன். அது கத்தியதை, கத்தியே காட்டினேன். அவள் பிரியாணியில் வைத்த கை அப்படியே நின்றது. அவள் என்னிடம் எந்தத் தப்பும் செய்தவள் இல்லை. இருந்தாலும் அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அடுக்களையில் என்ன பேசினார்கள் என்பதையும், கேக் வெட்டியதையும் சொல்லி முடித்தேன்.

“நீங்களா அடிச்சீங்க?” என்று அவள் அவனைக் கேட்டாள்.

அவன் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன்.

“நான் அடிச்சதுல அது சாகல மதினி. நீங்க அடிச்சதுலதான் செத்துச்சு. கோர்ட்டுலயும் அதானே எழுதியிருக்கு.”

எழுந்து கை கழுவப் போனான். மாமியார் வாயிலிருந்த துண்டைத் துப்பிவிட்டு, “எத்தனையோ வருஷம் கழிச்சு ரெண்டு வாரத்துக்கு வந்த பிள்ள. அதுவும் உனக்குப் பொறுக்கல” என்றார்.

அன்று சாயங்காலமே அவர்கள் இருவரும் ஊருக்குள் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கிளம்பும் நாள் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்கு அவரும் மாமியாரும் மட்டும் போனார்கள். மிச்சமிருந்த காய்ந்த கறியை மாமியார் ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் ஒரு துண்டு எடுத்து அதக்கித் தீர்த்தார்.

அவர்கள் போய்ச் சில வாரம் கழித்து ஒரு காலையில், விடுதியில் பெண்கள் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், கொழுந்தன் மனைவி போனில் கூப்பிட்டாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. தனியாக இருந்தாள் போல.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. போன சீசன்ல இவர் ஒரு மான வயித்துல அடிச்சுட்டார். நான் கூடப் போயிருந்தேன். அது அப்படியே கூனிக்கிட்டு காட்டுக்குள்ள போச்சு. இருட்டப் போகுது, நாளைக்கு வந்து தேடலாம்னார். மறுநாள் மழை. போகல. அது எப்படியும் செத்திருக்கும், விடுன்னுட்டார்.”

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

“நீங்க சொன்னதுக்கப்பறம் அது ஞாபகம் வந்துக்கிட்டே இருக்குக்கா. ஏன் எங்கிட்ட சொன்னீங்க?” என்றாள். கோபமாகச் சொன்னாளா அழுதாளா என்று பிடிபடவில்லை. வைத்துவிட்டாள். பிறகு அவள் என்னை அழைத்ததே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவர் முடிந்து விளம்பரம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“அது அங்கிட்டு உள்ள மானு. அதுக்கு அவங்கிட்ட லைசென்ஸ் இருக்கு” என்றார்.